கத்தியால் வழித்த மாவு

கேக்கின் நடுவில் விழுந்த குழியை வாசகர்களாகிய நீங்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். மறக்கிற மாதிரியான குழியா அது?

ஆஸ்பத்திரியின் மாடி ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, டாக்டர்களும் நர்சுகளும் வார்டு ஆட்களும் வட்டம் கட்டி நின்றார்கள். நடுவில், அன்றோடு ஓய்வு பெறும் தலைமை நர்ஸம்மா. பெட்டியைத் திறந்து வைத்தவள் அவருடைய ஒரே மகள். நம் பேக்கரி வீட்டுச் சின்ன மருமகள். கேக் நடுவில் லேசாக அமுங்கியிருந்ததை அவள் க்ரீமால் நிரவி மறைத்திருந்தாள். நர்ஸம்மா கத்தியை இறக்கினார். கத்தியோடு க்ரீமும் சேர்ந்து உள்ளே இறங்கியது. நடுப்பகுதி வேகாமல், பசை மாதிரி கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பேஷண்ட் இன்னும் தேறலையே, ரெண்டு நாள் அட்மிட் பண்ணுங்க," என்று ஒரு டாக்டர் ஜோக் அடித்தார்.

ஹாலே சிரித்தது. நர்ஸம்மா சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். அவள் எப்படிச் சிரித்தாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது மூத்தவள் மட்டும்தான். காகிதத் தட்டுகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள், அந்த வீட்டின் பெரிய மருமகள்.

அது நேற்று மாலை. இன்று காலை பேக்கரிக்குள் நுழைந்த மூத்தவள், தராசு இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் அங்கே தராசு இல்லை. அவள் கணவர் அதைத் தூக்கி மேல் அலமாரியில், காலி டின்களுக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தார்.

"அதை மேல போட்டாச்சு," என்றார் அவர், ஓவன் கதவைத் திறந்து கையை நீட்டிச் சூடு பார்த்தபடி. "இனிமே பழையபடி கப்புதான். பெரியவ கைதான். என்னம்மா சொல்ற?"

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் மாமியார், கல்லாவில் உட்கார்ந்து பன் பாக்கெட்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டே.

அன்றைக்கு மாமியார் என்ன சொன்னார் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். பெரியவள் காய்ச்சலில் படுத்த அந்த வாரத்தில், அதே மாவு, அதே சர்க்கரை, கைப்பிடி போன அதே அலுமினியக் கப். கணவர் அளந்து போட்ட கேக் செங்கல்லாக வந்தது. கொழுந்தன் அளந்து போட்டது பொலபொலவென்று உதிர்ந்தது. மாமியாரே களத்தில் இறங்கிப் போட்டது எந்த வகையிலும் சேரவில்லை. அப்போது சின்னவள் ஒரு எலக்ட்ரானிக் தராசை வாங்கிக்கொண்டு வந்து, "கப்புல அளந்தா ஆளுக்கு ஆள் மாறும் அத்தை. எடை போட்டா யார் போட்டாலும் ஒரே கேக்தான்," என்றாள். "என் வயித்துல பாலை வார்த்தேடி," என்று அவள் கன்னத்தைத் தட்டியவர் இதே மாமியார்தான். தோல்வி அடைந்த யோசனைகளை மட்டும் 'அன்னிக்கே' எதிர்த்துவிடுவது அவர் சுபாவம்.

அந்தக் காய்ச்சல் வாரத்தில் மூத்தவள் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, கீழே கேக் கெட்டுப்போகும் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டு ரசித்தாள் என்பதை மட்டும் நான் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

சின்னவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. வழக்கம்போல ஏப்ரன் கட்டிக்கொண்டு, வழக்கமில்லாமல் யாருடனும் பேசாமல் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவள் கணவன், நம் கொழுந்தன், வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். வீட்டில் தொடங்கிய சண்டை தீரவில்லை போலிருக்கிறது.

"அண்ணி பாட்டுக்கு அவங்க வேலையைப் பாத்துட்டு இருந்தாங்க. கணக்கு எழுதற புத்தியைக் கேக்குல காட்டப் போய், பாரு, உங்கம்மா மானமும் போச்சு, கடை மானமும் போச்சு."

"என் கணக்கு தப்பில்ல," என்றாள் சின்னவள், தலை நிமிராமல். "திரும்பத் திரும்பக் கூட்டிப் பாத்துட்டேன். சர்க்கரை சரி. பால் சரி. வெண்ணெய் பாக்கெட்லயே எடை போட்டிருக்கு. எங்க தப்புன்னுதான் புரியலை." பிறகு, கொஞ்சம் தயங்கி, மூத்தவளைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது தோணுதாக்கா?"

எந்தப் பேச்சிலும் ஒரு 'அக்கா'வைச் சேர்த்துக்கொள்வாள் அவள். அக்கா தங்கை இல்லாமல் தனியாக வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில் கிடைத்த அக்காவைத் தாராளமாகவே செலவழித்தாள்.

மூத்தவள் முட்டை அட்டையைக் கையில் வைத்திருந்தாள். தோணுகிறது என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எல்லோரும் இருந்தார்கள். கேள்வியும் கேட்டாயிற்று.

"ஓவன் சூடு கம்மியா இருந்திருக்குமோ என்னவோ," என்றாள்.

"என் ஓவனையா சொல்ற?" என்று கணவர் பாய்ந்து வந்தார். "அது ஒழுங்காத்தான் இருக்கு. உன் நல்ல மனசுக்காக என் ஓவனைப் பலி குடுக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள், சின்னவளைத் தவிர. மூத்தவளுக்கு முகம் கொதித்தது.

காய்ச்சல் தேறி அவள் எழுந்து வந்த அன்றைக்கு நடந்தது இதுதான். சின்னவள் தராசின் மேல் கிண்ணத்தை வைத்து, எடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, போனைச் சர்க்கரை டின்னில் சாய்த்து நிறுத்தி, வீடியோவைப் போட்டுவிட்டாள். "பின்னாடி சந்தேகம் வந்தா பாத்துக்கலாம்கா. நீங்க எப்பவும் போடற மாதிரியே போடுங்க. எடையை மட்டும் நான் குறிச்சுக்கறேன்."

எப்போதும் போடுவது என்றால் இப்படி: கப்பை மாவு மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு வாரி எடுப்பாள். மேஜை விளிம்பில் ரெண்டு தட்டு தட்டுவாள். மாவு அமுங்கும். மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் ஒரு அழுத்து. அப்புறமும் கூம்பாகத் தலைதூக்கி நிற்கும். அதுதான் அவளுடைய ஒரு கப். பார்க்க அழகான காரியம் இல்லை. மூக்கில் மாவு, இமையில் மாவு.

கல்யாண போட்டோவிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவள் அவள். போனின் கண் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குக் கை கூசியது. வீடியோக்களில் நகப்பூச்சுப் பெண்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி ஸ்பூனால் மாவை மெதுவாக, பூப்போல, கப்பில் போட்டாள். கத்தியின் முதுகால் மேலே ஒரு வழி வழித்தாள். கிண்ணத்தில் கொட்டினாள்.

நூற்றுப் பதினெட்டு கிராம்.

"இவ்வளவுதானாக்கா?" என்றாள் சின்னவள். "நீங்க போடறப்போ மலை மாதிரி இருக்குமே?"

முதல் கப்பைக் கத்தியால் வழித்தது வெட்கம். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் வெட்கத்தில் வந்தது அல்ல. நூற்றுப் பதினெட்டு என்று குறித்துக்கொண்டால் அந்தக் கேக் வராது என்று அவளுக்குத் தெரியும். வராமல் போகட்டுமே என்று ஒரு நொடி தோன்றியது. எண்ணாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் அப்புறம் யார் வேண்டுமானாலும் போடலாம். கொழுந்தன்கூடப் போடலாம். "பெரியவ கை" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் கைக்கு என்ன மரியாதை?

"இவ்வளவுதான்," என்றாள்.

அதோடு நிற்கவில்லை. அந்த எடைகளை வைத்துச் சின்னவள் முதன்முதலாக நர்ஸம்மாவின் கேக்குக்குக் கலவை தயாரித்தபோது மூத்தவள் பக்கத்திலேயே இருந்தாள். கரண்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக விழ வேண்டியது, ஒழுகியது. அதைப் பார்த்தாள். இன்னும் ஐந்தாறு கை மாவை அள்ளிப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, ட்ரேயில் காகிதம் போடப் போனாள்.

*

பத்து மணிக்கு மேல் எதிர்க்கடைத் தையற்காரர் பன் வாங்க வந்தார். நாக்கில் ஊசி வைத்துக்கொண்டு பிறந்தவர்.

"என்ன, நேத்து கேக்குல கிணறு வெட்டினீங்களாமே? தண்ணி வந்துச்சா?"

சின்னவள் கூடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

"அது எங்க பெரியவ போட்டது இல்லைங்க," என்றார் கணவர், கடை மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில். "அவ போட்டா அப்படி வருமா? இவளைத் தூக்கத்துல எழுப்பிக் கப்பைக் குடுத்தாலும் ஒரு சிட்டிகை கூடாது, குறையாது."

"அது எனக்குத் தெரியாதா? அவங்க கையே தராசாச்சே," என்றார் தையற்காரர்.

ஆளாளுக்கு இப்படிப் புகழ்கிறார்களே, இதற்குப் பதில் நாலு அறை அறைந்தால் தேவலை என்றிருந்தது மூத்தவளுக்கு. கை நிறைய ஈர மாவை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து பிசைந்தாள். பிசைந்து முடிந்த பிறகும் பிசைந்தாள்.

வாசலிலிருந்து சின்னவளின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். இல்ல சார், பேக்கரியெல்லாம் சரிப்பட்டு வரலை... ரொம்ப நன்றி சார். திங்கட்கிழமை வந்துடறேன்."

கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கேக் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வீம்பாக வேலையை விட்டுவிட்டு இந்த மாவு தூசிக்குள் வந்தவள். இப்போது திரும்பிப் போகிறாள். அதுவும் தன் கணக்கில் தப்பு என்று நம்பிக்கொண்டு போகிறாள்.

மூத்தவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இப்போது எழுந்து போய், 'போகாதே, தப்பு உன்னுடையது இல்லை' என்று சொன்னால் முடிந்துவிடும். எழுந்தாள். கை கழுவினாள். திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டாள்.

*

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். கணவர் கண்ணயரப் போயிருந்தார். மாமியார் கல்லாவிலேயே தலை சாய்த்திருந்தார். சின்னவள் மாடியில்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் மூத்தவள் எழுந்து நின்றாள். நர்ஸம்மா. கையில், நேற்று கேக்கைத் தாங்கிய ஸ்டாண்டு. கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க. உங்க கடைச் சாமான்."

"நாங்களே வந்து வாங்கியிருப்போமேம்மா. உக்காருங்க. அவ மேலதான் இருக்கா, கூப்பிடறேன்."

"வேண்டாம். உங்களைப் பாக்கத்தான் வந்தேன்." நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். நேற்று வரை மூன்று வார்டுகளை அதட்டி ஆண்டவர், இன்றைக்கு வாயைத் திறக்கச் சங்கடப்பட்டார். "என் பொண்ணு சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கணும்."

"ஐயோ, என்னம்மா இது!"

"இல்ல, கேட்டுடறேன். நீங்க பொறுமையாக் கூட உக்காந்து அளந்து காட்டினீங்களாமே. மாப்பிள்ளை சொன்னார். இவ எங்கேயோ மாத்திக் குறிச்சிருக்கா. ஆனா ஒத்துக்க மாட்டேங்கறா. அப்பா இல்லாம வளர்ந்த பொண்ணு, கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி. நேத்து எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேர் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். முப்பது பேர் முன்னாடி ஒரு கேக் கெட்டுப்போனா நான் செத்துப்போயிட மாட்டேன். ஆனா உங்க கடைப் பேரு..."

"அம்மா, அது வந்து... அவ மேல தப்பு..."

"மூடி மறைக்காதீங்க. நீங்க மறைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க குணம் அது." நர்ஸம்மா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஊசி போட்டுப் போட்டுப் பழகிய, உலர்ந்த, கனமான கை. "நீங்க அவளுக்கு அக்காவா இருக்கற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மூத்தவள் பேசவில்லை. பேச முடியவில்லை என்று எழுதினால் அவளுக்குச் சலுகை காட்டினதாகிவிடும். முடிந்திருக்கும். தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. நர்ஸம்மாவின் முகம் மாறுவதைக் கண்ணால் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நர்ஸம்மா போகும்போது ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிக்கொண்டு போனார். சும்மா வாங்கிக்கொள்ளுங்கள் என்றாலும் கேட்கவில்லை.

கதவு மூடியதும் மூத்தவள் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, காலி டின்களை விலக்கித் தராசை இறக்கினாள். கிண்ணத்தை வைத்தாள். சின்னவள் செய்ததைப் பார்த்திருந்ததால் பூஜ்யம் ஆக்கத் தெரிந்தது. மூட்டைக்குள் கையை விட்டு, வாரி, தட்டி, அள்ளிப் போட்டு, அழுத்திக் கொட்டினாள்.

நூற்றைம்பத்தெட்டு.

அதைத் திரும்ப மூட்டையில் போட்டுவிட்டு மறுபடியும் அளந்தாள். நூற்றைம்பத்தேழு. மறுபடியும். நூற்றைம்பத்தெட்டு.

தன் கை இத்தனை சுத்தமாக அளக்கிறது என்று அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் கணவரை எழுப்பிக் காட்டியிருப்பாள். ஒரு கப்புக்கு நாற்பது கிராம் குறைவு. நர்ஸம்மாவின் கேக்குக்குப் பன்னிரண்டு கப். கிட்டத்தட்ட அரைக்கிலோ மாவு இல்லாத கேக், எங்கே நிற்கும்? சர்க்கரையைத் தட்டினாலும் அழுத்தினாலும் பெரிதாக அமுங்காது, அதனால் அது சரியாக வந்தது. மாவுதான் அமுக்கினால் அமுங்கும், பூப்போலப் போட்டால் பூத்து நிற்கும். தப்பு மாவில் மட்டும் இருந்ததால்தான் அந்தப் பெண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேலே வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

அப்படி நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தராசை மேஜையிலேயே விட்டுவிட்டாள்.

*

சாயங்காலக் கூட்டம் ஓய்ந்ததும் மூத்தவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"என்ன இப்பவே?" என்றார் கணவர்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க. தம்பி, நீங்களும்தான். வேனை அப்புறம் கழுவலாம். அத்தை, அந்த நூலைக் கீழ வைங்க."

வந்தார்கள். மேஜையில் தராசைப் பார்த்ததும் கணவரின் புருவம் ஏறியது. சின்னவள் கடைசியாக மாடியிலிருந்து இறங்கி வந்து, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சின்னவ கணக்குல தப்பு இல்ல," என்றாள் மூத்தவள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "நான்தான் தப்பா அளந்து காட்டினேன். எப்பவும் போடற மாதிரி போடாம, கத்தியால வழிச்சுப் போட்டேன். என் கப்பு நூத்தி அம்பத்தெட்டு. நான் காட்டினது நூத்திப் பதினெட்டு. அவ கேட்டா. கேட்டும் நான் இவ்வளவுதான்னு சொன்னேன்."

ஓவன் குளிர்ந்து டக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது.

பிறகு கணவர் சிரித்தார். வாய் விட்டு, மனசார.

"பாத்தீங்களா? பாத்தீங்களா இவளை? காலையில ஓவன் மேல போட்டுப் பாத்தா, நடக்கலை. இப்ப பழியைத் தன் தலையிலயே தூக்கிப் போட்டுக்கறா. டேய், உன் பொண்டாட்டி வேலைக்குப் போறேன்னு கிளம்பினதும் உங்க அண்ணிக்கு மனசு தாங்கலைடா!"

"அண்ணி..." என்றான் கொழுந்தன். அவன் கண் கலங்கியே விட்டது. "நீங்க எதுக்கு அண்ணி?"

"இந்த மாதிரி ஒருத்தி கிடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்," என்றார் மாமியார். மூக்கை உறிஞ்சினார். "சின்னவளே, கத்துக்கோ. இதுதான் பெரிய மனசு."

"நான் நிஜமாத்தான் சொல்றேன்!" மூத்தவள் கிட்டத்தட்டக் கத்தினாள். "வேணும்னா இப்ப அளந்து காட்டறேன்."

"அளப்பே. இப்ப வேணும்னே அழுத்தி அழுத்திப் போடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?" என்றார் கணவர், பிரியமாக.

இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த நல்ல பேர், இப்போது உண்மையைச் சொல்லவும் விடாமல் குறுக்கே நின்றது. தப்பு செய்தவளைத் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். கொண்டாடினால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் மட்டும் அந்தக் கொண்டாட்டத்தில் சேரவில்லை. ஏப்ரன் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"உன் போன்ல இருக்கு இல்ல?" என்றாள் மூத்தவள். "அன்னிக்கு எடுத்தது. போடு."

சின்னவள் நகரவில்லை.

"போடணுமாக்கா?"

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"மத்தியானம். எங்க தப்புன்னு தேடிட்டு இருந்தேன் இல்ல? கடைசியா அதைப் பாத்தேன்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கீழ அம்மா பேசறது கேட்டுச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு படியில நின்னேன். நீங்க சொல்லலை."

கணவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னது? என்ன வீடியோ?"

"போடு," என்றாள் மூத்தவள் மறுபடியும்.

சின்னவள் போனை எடுத்து மேஜையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு தலைகள் குனிந்தன. மூத்தவள் மட்டும் குனியவில்லை. ஆனால் காதை என்ன செய்ய முடியும்?

"ஏது கத்தி?" என்று கணவர் முணுமுணுத்தார். "இவ கப்புக்குக் கத்தி எடுத்து நான் பாத்ததே இல்லையே. ஸ்பூன் வேற..."

போனிலிருந்து சின்னவளின் குரல் வந்தது, பளிச்சென்று, சந்தோஷமாக: "இவ்வளவுதானாக்கா? நீங்க போடறப்போ மலை மாதிரி இருக்குமே?"

அதைத் தொடர்ந்து இன்னொரு குரல். வழவழவென்று, துளித் தயக்கம்கூட இல்லாமல். தன் குரல் என்று நம்பவே மூத்தவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குச் சொன்னதில் பாதியை அவள் மறந்தே போயிருந்தாள். போன் மறக்கவில்லை.

"இவ்வளவுதான். என் கையை எனக்குத் தெரியாதா?"

வீடியோ முடிந்து, திரை கறுத்தது.

கொழுந்தன் முதலில் நகர்ந்தான். வேன் சாவியை எடுத்தான், திரும்ப வைத்தான், மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான். காலையில் அவன் சொன்னதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கணவர் அணைந்திருந்த ஓவனின் கதவைத் திறந்து, திரும்ப மூடினார்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏண்டி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. புரியாமல் கேட்டார்.

"நான் இல்லாமயும் கேக் வந்துடும்னு பயந்துட்டேன் அத்தை."

சொல்லிவிட்டாள். சின்னப்பிள்ளை சொல்கிற மாதிரியான காரணம். இதற்காகவா ஒரு பெண்ணை அவள் அம்மா முன்னால், முப்பது பேர் முன்னால் அப்படிச் சிரிக்க வைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு நிற்கவே கூசியது.

"இதை எங்கம்மாகிட்டயும் சொல்லணும்," என்றாள் சின்னவள்.

"சொல்றேன்."

"போன்ல இல்ல."

"நேர்ல வரேன். நாளைக்கே வரேன்." மூத்தவள் தயங்கினாள். "அந்த வேலை... திங்கட்கிழமை..."

"வரேன்னு வாக்கு குடுத்தாச்சு." சின்னவள் போனை ஏப்ரன் பைக்குள் போட்டாள். சுவரில் ஒட்டியிருந்த அளவுத் தாளில் நூற்றுப் பதினெட்டு என்று இருந்த இடத்தைப் பேனாவால் அடித்தாள். தராசின் மேல் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கினாள். "போறதுக்கு முன்னாடி இதைச் சரியா எழுதிட்டுப் போறேன். ஒரு கப்பு போடுங்க."

மூத்தவள் கப்பை எடுத்தாள். மூட்டைக்குள் கையை விட்டாள். வாரினாள், மேஜை விளிம்பில் தட்டினாள், மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள், உள்ளங்கையால் அழுத்தினாள். எல்லாம் எப்போதும் போலத்தான் செய்தாள். எட்டுக் கண்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொண்டுபோகும் வழியில் மேஜையெல்லாம் மாவு சிந்தியது.

கிண்ணத்தில் கொட்டினாள். எண் ஓடி நின்றது.

நூற்று முப்பத்தொன்று.

மூத்தவள் தன் கையைப் பார்த்தாள். மத்தியானம் யாரும் இல்லாதபோது ஒரு கிராமுக்கு மேல் தவறாத கை, இப்போது இருபத்தேழு கிராமை மேஜையிலேயே சிந்திவிட்டிருந்தது.

சின்னவள் எழுதவில்லை. கிண்ணத்தை எடுத்து மாவை மூட்டையில் கொட்டினாள், திரும்பத் தராசில் வைத்தாள், பூஜ்யம் ஆக்கினாள்.

"மறுபடியும் போடுங்க," என்றாள்.

எந்தப் பேச்சிலும் அக்காவைச் சேர்த்துக்கொள்கிறவள், இந்தத் தடவை சேர்க்கவில்லை.